கறுப்புக் காரின் நுண்கீறல்களும் ஃபினிஷிங் பாலிஷும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

நிழலில் நிற்கும்போது கண்ணுக்கே தெரியாத நுண்கீறல்கள், கறுப்புக் காரில் வெயில் பட்டதும் சூரியப் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வெளிப்படும். உண்மையில் அவை வட்டக் கீறல்கள் அல்ல. எல்லாத் திசைகளிலும் கிடக்கும் கோடுகளில், ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் அமைந்தவை மட்டும் மின்னுவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. கோயம்புத்தூரில் நான் ஓட்டும் கறுப்பு செடானில் இவற்றை நீக்குவதற்கு, 15 மி.மீ. வீச்சுள்ள டிஏ (டூயல் ஆக்‌ஷன்) பாலிஷர், மென்மையான 5 அங்குல ஃபோம் பேட், மெகுவையர்ஸ் எம்205 என்னும் ஃபினிஷிங் பாலிஷ் (மென்மையாகத் தேய்க்கும் இறுதிக்கட்டப் பாலிஷ்) ஆகிய மூன்றையும் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். நகத்தை ஓட்டிப் பார்த்தால் தடுக்காத கீறல்களுக்கு இதைவிடக் கடுமையான எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

கடுமையானதை ஏன் தவிர்க்கிறேன் என்றால், தேய்ப்பதற்கு நம்மிடம் இருக்கும் அடுக்கு அவ்வளவு மெல்லியது. தொழிற்சாலையில் அடிக்கப்படும் பெயின்ட்டில் இ-கோட் (துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு), பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், மேலே உள்ள நிறமற்ற கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 மைக்ரான். பாலிஷ் செய்யும்போது கீறல் நிரம்புவதில்லை. அதைச் சுற்றியுள்ள பரப்புதான் கீறலின் அடிமட்டத்தை நோக்கித் தேய்ந்து இறங்குகிறது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்கும் பொருள்களும் இந்தக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கின்றன என்பதால், ஒவ்வொரு சர்வீஸின்போதும் 'ரப்பிங் பாலிஷ்' போட்டுக்கொள்ளும் வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தடிமன் அளக்கும் கருவி ஒன்று வைத்திருப்பது நல்லது. ஆனால் சாதாரணக் கருவிகள் எல்லா அடுக்குகளின் மொத்தக் கனத்தையே காட்டும், பிளாஸ்டிக் பம்பரில் எதையும் காட்டா.

டிஏ இயந்திரம் சுழல்வதோடு அலைவதும் உண்டு என்பதால் வெப்பம் ஒரே இடத்தில் குவிவதில்லை, சுழல மட்டுமே செய்யும் ரோட்டரி இயந்திரம் விட்டுச் செல்லும் ஹோலோகிராம் தடங்களும் (வெயிலில் அலைபோல் மின்னும் கோடுகள்) விழுவதில்லை. வேலையைத் தொடங்குமுன் காரை நன்றாகக் கழுவி, பிசைந்த களிமண் போன்ற கிளே பாரால் ஒட்டுத் தூசியை எடுத்துவிடுவேன். கிளே பாரே கறுப்பில் மெல்லிய மங்கலை ஏற்படுத்தும் என்பதால், அடுத்துப் பாலிஷ் செய்யும் எண்ணம் இருந்தால் மட்டுமே அதைத் தொடுவது என் வழக்கம். பானெட்டில் இரண்டடிச் சதுரம் ஒன்றை டேப் ஒட்டிப் பிரித்து, அதில் மட்டும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். பேடில் பட்டாணி அளவில் நான்கைந்து சொட்டுப் பாலிஷ், நடுத்தர வேகம், நொடிக்கு ஓர் அங்குலம் நகரும் கை, பாதிக்குப் பாதி மேற்படியும் பாதைகள்: இவ்வளவே போதும். பேட் உண்மையில் சுழல்கிறதா, வெறுமனே அதிர்கிறதா என்பதைக் காண பேடைப் பிடித்திருக்கும் பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். வளைவான ஃபெண்டர்களில் சுழற்சி நின்றுபோவதை இந்தக் கோடுதான் காட்டிக்கொடுக்கும். முடித்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும், ஏனெனில் பாலிஷில் உள்ள எண்ணெய் எஞ்சிய கீறல்களைச் சிறிது காலம் மறைத்து வைக்கும்.

நம் ஊர் வெப்பம் இந்த வேலைக்கு ஏற்றதன்று. தகடு கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால் பாலிஷ் வேலை செய்வதற்கு முன்பே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே கூரைக்கு அடியில், விடியற்காலையில் அல்லது இரவில், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பகுதிகள் என்று பிரித்துச் செய்கிறேன்.

நீண்டகாலப் பயன்பாட்டில் தெரியவந்த விவரங்கள்தாம் இனி. பாலிஷ் மிகக் குறைவாகவே செலவாகிறது. செலவு வைப்பவை பேடுகளே. ஒரே பேடால் முழுக் காரையும் முடிக்க முயன்றால் அது சூடாகித் தளர்ந்து, நடுவில் பிய்ந்துவிடும். நான்கைந்து பேடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தால் அவை நெடுநாள் உழைக்கின்றன. இயந்திரத்தில் பேக்கிங் பிளேட்டின் ஒட்டுப்பட்டை பிடிமானம் இழந்ததால் அதை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கிடைத்த பளபளப்பு எவ்வளவு காலம் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது பாலிஷ் அன்று, காரைத் துடைக்கும் துணி. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலைதோறும் ஒரு வாளித் தண்ணீரையும் ஒரே பழந்துணியையும் கொண்டு பத்துக் கார்களைத் துடைக்கும் முறைதான் இந்தக் கீறல்களின் பெரும் ஊற்று. நான் அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன், துடைப்பவரின் மாதச் சம்பளத்தை மட்டும் குறைக்கவில்லை. தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் தொடுவதே இல்லை. முதலில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கழுவி, ஷாம்புக்கு ஒரு வாளியும் துணியை அலச இன்னொரு வாளியும் வைத்துக் கழுவி, பெரிய மைக்ரோஃபைபர் துண்டை மேலே விரித்து ஒற்றி எடுக்கிறேன். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்புக் கறை தங்கிவிடும் என்பதால் ஒற்றுவதில் தாமதம் கூடாது. இந்தப் பழக்கம் வந்த பிறகு முழுக் காரையும் பாலிஷ் செய்யத் தேவை ஏற்படவில்லை. டிக்கியின் விளிம்பு, கதவுக் கைப்பிடிக் குழி போன்ற இடங்களை மட்டும் அவ்வப்போது சரிசெய்கிறேன். அந்தக் குழிகளில் பெரிய பேட் நுழையாது, சிறு ஃபோம் துண்டை விரலில் பிடித்துக் கையாலேயே தேய்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கு இன்னும் நிறைவு தராத ஒரே இடம், கதவுகளுக்கு இடையிலுள்ள பளபளப்பான கறுப்பு பிளாஸ்டிக் பட்டைகள். உலோகத்தின் மேலுள்ள கிளியர் கோட்டைவிட அவை மிகவும் மென்மையானவை. பாலிஷ் செய்து முடித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கும்போதே புதிய கோடுகள் விழுகின்றன. அவற்றுக்கு மிக மென்மையான பேடையும் எடையே வைக்காத கையையும் பயன்படுத்தி, துணிக்குப் பதிலாகக் காற்று ஊதும் கருவியால் தண்ணீரை விரட்டி வருகிறேன். முன்பைவிட மேல், அவ்வளவுதான்.