இருந்த சாமானை வைத்தே உப்புநீர்த் தொட்டி: எல்லாம் சரி, அந்த உப்பைத் தவிர

தொட்டி மூடியில் இருந்த லைட் மறுபடியும் போய்விட்டது. கழற்றிப் பார்த்தால் ஹோல்டருக்குள் பச்சைக் களிம்பு, அதற்கு மேல் வெள்ளையாக உப்பு. புதுசு மாட்டிவிட்ட கையோடு, கோபம் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன், அதையும் சேர்த்து வாசியுங்கள்.

பண்டாரவளை நண்பன் ஒருவன் விடாமல் கேட்கிறான்: "கப்பி மீன் வளர்த்த தொட்டியையே உப்புநீருக்கு மாத்தலாமா மச்சான்?" மாற்றலாம். பழைய சாமான்களைக் குறை சொன்னால் நியாயமில்லை. அதே மூன்றடித் தொட்டி, பின்னால் தொங்கும் அதே பில்டர், ஸ்பாஞ்சை மட்டும் அடிக்கடி கழுவ வேண்டும், இல்லாவிட்டால் நைட்ரேட் ஏறிவிடும். மீன் கழிவைச் சிதைக்கிற, நன்னீரில் வளர்ந்த பாக்டீரியா உப்பில் அப்படியே கைகொடுக்காது, அதனால் மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வரும்வரை வாரக்கணக்கில் வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் வேண்டும். முன்பு வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றிய தொட்டி என்றால் இறால் வகைகளை நினைக்கவே வேண்டாம், மீன் தாங்கும் அளவு செம்பே இறாலைக் கொன்றுவிடும். ஹீட்டர் ஒன்றுதான் போதவில்லை. கொழும்பில் தொட்டியைக் குளிர்விக்கப் படாதபாடு படுகிறார்கள், இங்கே நுவரெலியாவில் அதை 25 பாகைக்கு ஏற்றுவதற்குள் கரண்ட் பில் வந்துவிடுகிறது.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் பீலித் தண்ணீர், அதாவது மலை ஊற்றிலிருந்து பீலி வழியாக விழும் தண்ணீர். சுண்ணாம்பு இல்லாத மென்மையான மலைத் தண்ணீர், உப்புக் கலக்க இதைவிட என்ன வேண்டும். லீட்டருக்கு 35 கிராம் கடலுப்புக் கலவை (சமையல் உப்பு இல்லை, தயவுசெய்து), ஒரு வாளியில் இரவு முழுக்கக் காற்று விட்டு வைத்தால் காலையில் கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும். உப்பின் அளவை நீரின் அடர்த்தியாகக் காட்டும் ஹைட்ரோமீட்டர் முள்ளில் ஒட்டும் குமிழியைத் தட்டிவிட்டுப் பார்த்தால் 1.025 பக்கத்தில் நிற்கும். கோமாளி மீன் சோடிக்கு இன்றுவரை ஒரு நோய் இல்லை.

சரி, இப்போது உப்புக்கு வருகிறேன். பில்டர் தண்ணீர் விழும் இடத்தில் குமிழிகள் உடைந்து தெறிக்கும் சின்னத் துளிகள் மூடியின் ஓரத்திலும் வயரிலும் காய்ந்து வெள்ளையாகப் பூக்கின்றன. இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் இங்கே மப்பும் பனியுமாக இருக்கும் நாட்களில் பூத்த உப்பு காய்ந்தே கிடப்பதில்லை, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து நீர்த்துப்போய் வயர் வழியாக நகர்ந்து ப்ளக் பக்கம் போகிறது. நடுச்சாமத்தில் ட்ரிப் சுவிட்ச் விழும், வீடே இருட்டு, ஹீட்டரும் நிற்கும், விடியும்போது தொட்டி குளிர்ந்து மீன் இரண்டும் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மூடியை இறுக்கி அடைக்கலாம் என்றால் உப்புநீரில் ஒட்சிசன் கரைவதே குறைவு, இந்த உயரத்தில் காற்றும் மெல்லியது, ஆகவே இடைவெளி விட்டே ஆகவேண்டும். அந்த இடைவெளியால்தான் உப்பும் வெளியே வருகிறது.

வயரை ப்ளக்குக்குக் கீழே வளைவாகத் தொங்கவிட்டு அப்புறம் மேலே ஏற்றிச் செருகினால், வழியும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். அது உண்மையில் உதவுகிறது. ஈரத்துணியால் மூடியைத் துடைப்பதும் உதவுகிறது, இரண்டு நாள் விட்டால் மறுபடி பூத்திருக்கும், என் வீட்டுக்காரி அந்தத் துணியைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிறாள். ஆவியாகிற தண்ணீருக்குப் பதிலாக வெறும் பீலித் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். உப்புநீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

ஆக, மச்சான், என் முடிவு: மாற்றாதே. கோல்ட்ஃபிஷ் வாங்கி விடு, இந்தக் குளிருக்கு அதற்கு ஹீட்டர்கூடத் தேவையில்லை. என் தொட்டியை விலைக்குக் கேட்கலாம் என்று மட்டும் வராதே, தரமாட்டேன்.