ஜாஸ் பெட்ரோலா, ஸ்விஃப்ட் டீசலா?

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பவரைத்தான். 2015-இல் இந்தியாவில் வந்த ஹோண்டா ஜாஸ் 1.2 பெட்ரோலுக்கு 90 பிஎஸ் (குதிரைத்திறன் மாதிரியான பவர் அளவு). 2011-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் 1.3 டீசலுக்கு 75 பிஎஸ். அப்புறம் என்ன, ஜாஸ்தான் வேகம் என்று தோன்றும். இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

விஷயம் டார்க்கில், அதாவது என்ஜினின் சுழற்றும் விசையில் இருக்கிறது. ஸ்விஃப்டுக்கு 2000 ஆர்பிஎம்மிலேயே (என்ஜின் நிமிடத்துக்கு 2000 முறை சுற்றும்போதே) 190 நியூட்டன் மீட்டர். ஜாஸுக்கு 110தான், அதுவும் 4800-இல். டார்க்கையும் ஆர்பிஎம்மையும் பெருக்கிக் கணக்குப் போட்டால், 2000-இல் ஸ்விஃப்ட் ஏறத்தாழ 54 பிஎஸ் தருகிறது. அதே இடத்தில் ஜாஸால் 31-ஐத் தாண்ட முடியாது. ஸ்விஃப்டின் உச்சமான 75-ஐ ஜாஸ் எட்டுவதற்கே 4800 வரை போக வேண்டும். அன்றாட ஓட்டத்தில் எத்தனை பேர் அங்கே போகிறோம்?

லாரியை முந்தும்போது ஸ்விஃப்டில் நாலாவது கியரிலேயே மிதித்தால் போதும். ஜாஸில் மூன்றுக்கு இறக்கி, வண்டி நிறைய ஆள் இருந்தால் இரண்டுக்கே இறக்கி, என்ஜினைக் கத்தவிட வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும், அது வேறு.

ஆனால் நெரிசலில் கதை மாறுகிறது. டீசலில் டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்) விழித்துக்கொள்ளும்வரை வண்டி சோம்பலாகவே இருக்கும். வேகத்தடை தாண்டி இரண்டாவது கியரில் மிதித்தால் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று பாயும். ஜாஸ் இங்கே வெண்ணெய் மாதிரி நகரும், சத்தமும் குறைவு.

இடவசதியில் போட்டியே இல்லை. ஜாஸின் டிக்கி 354 லிட்டர், ஸ்விஃப்டுடையது 204. பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில் இருப்பதால், ஜாஸில் பின் சீட்டின் அடிப்பகுதியை மடித்து மேலே தூக்கிவிட்டு உயரமான சாமானை நிறுத்தியே வைக்கலாம். எல்லா ஜாஸிலும் இந்த சீட் கிடையாது, தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், நெடுஞ்சாலைதான் பிழைப்பு என்பவருக்கு ஸ்விஃப்ட். மற்றவர்களுக்கு ஜாஸ், பழைய டீசலில் டர்போ, இன்ஜெக்டர் என்று செலவு வைக்க ஆள் அதிகம்.

டீசலையே எடுப்பதென்றால், நாலாவது கியரில் மெதுவாகப் போய் முழுக்க மிதியுங்கள். ஆர்பிஎம் முள் எகிறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இன்னொன்று, போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறும் வண்டியை உங்களுக்காக முன்பே ஓடவிட்டிருக்கலாம். ‘நாளைக்குக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.