சக்கரம் சுற்றாத ரேடியோவோடு ஒன்றே முக்கால் வருடம்

மருமகன் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். "மாமா, நீங்க வச்சிருக்கிற அதே ரேடியோ இப்ப விலை இறங்கியிருக்கு. அம்மாவுக்கு ஒன்னு வாங்கி அனுப்பட்டுமா?" பதிலை ஆரம்பிப்பதற்குள் வேலை நேரம் என்று வைத்துவிட்டான். அதனால் எழுதுகிறேன். எத்தனை பற்றரி, எவ்வளவு பாரம் என்பதெல்லாம் அது வரும் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். நான் சொல்ல வருவது வேறு.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அப்போது வாங்கியது. இரண்டு வருடம் ஒழுங்காகப் பாடியது. 2024 சித்திரை வருடப் பிறப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டேஷன் மாற்றும் சக்கரம் இறுகி நின்றுவிட்டது. எங்கள் மஸ்கெலியா மலையின் ஈரம் எதைத்தான் விட்டுவைத்தது? ஹட்டன் டவுனில் ஒருவரிடம் திருத்தக் கொடுத்தேன். மூன்று முறை பஸ் ஏறி அலைந்த பிறகு அவர் சொன்னார்: "ஐயா, உள்ளே நூல் அறுந்து, சக்கரமும் தேஞ்சு போச்சு. சாமான் வராது. எந்த ஸ்டேஷன் வேணும்னு சொல்லுங்க, அதிலேயே நிறுத்தித் தாறேன்."

கடையில் அப்போது இலங்கை வானொலியின் தமிழ்த் தேசிய சேவை ஓடிக்கொண்டிருந்தது. "இதிலேயே நிறுத்துங்க" என்றேன். கோபத்தில் சொன்னது. நிதானமாக இருந்திருந்தால் நாள் முழுக்கப் பாட்டுப் போடும் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பேன். 1,200 ரூபா வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து என் ரேடியோவுக்கு ஒரே ஸ்டேஷன்தான்.

ஸ்டோரில், அதாவது தேயிலை ஃபெக்டரியில், முப்பது வருடம் ரோலர் சத்தத்துக்குள் நின்றவன் நான். காது பாதி மந்தம். பாட்டென்றால் எப்படியோ பிடித்துக்கொள்ளலாம், தெரிந்த பாட்டாக இருந்தால் மிச்சத்தை மனசு பாடிவிடும். பேச்சு அப்படியில்லை. ஒரு சொல் போனால் போனதுதான். அதனால் முதல் மாதம் பெரிய வெறுப்பு. காலையில் செய்தி, நற்சிந்தனை, அப்புறம் யாரோ ஒரு டாக்டர் சீனி வியாதி பற்றிச் சொல்கிறார், ஒருவர் வெங்காயம் நடச் சொல்கிறார், பிள்ளைகளுக்குப் பாடம், பின்னேரம் நாடகம், திரும்பவும் செய்தி. மாற்றவும் முடியாது. ஒன்று கேட்க வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். மூடிவிட்டால் லயத்து வரிசை வீடுகளில் பேச ஆளில்லை. எல்லாரும் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருப்பார்கள்.

எந்த மாதத்தில் வெறுப்புப் போனது என்று தெரியாது. அதே ஸ்டேஷனில் வரும் முஸ்லிம் சேவையைக் கேட்டுக் கேட்டு, நோன்பு திறக்கும் நேரம் எனக்குப் பழகிவிட்டது. டவுனில் எங்களுக்குச் சாமான் தரும் நானாவிடம் ஒரு ரமழானில், "இன்னும் பத்து நிமிசம் இருக்கே, தண்ணியைக் கையில எடுத்துட்டீங்க" என்றேன். மனிதர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னைப் பிடித்துக்கொண்டது மரண அறிவித்தல். சிரிக்காதீர்கள். இன்னாரின் அன்புக் கணவரும், காலஞ்சென்ற இன்னாரின் மருமகனும், கனடாவில் இருக்கும் இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஒரே மூச்சில் விரித்துவிட்டு, உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு என்று முடிப்பார்கள். வாசிப்பவர் குரலில் அழுகையும் இருக்காது, அவசரமும் இருக்காது. யாழ்ப்பாணத்துக்கு நான் போனதே இல்லை. அளவெட்டி, கைதடி, புங்குடுதீவு எல்லாம் இந்த வழியாகத்தான் தெரியும். நடுவில் எப்போதாவது பண்டாரவளை, நாவலப்பிட்டி என்று நம் பக்கத்துப் பெயர் வரும்போது கையில் இருப்பதை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்காருவேன். என் வீட்டுக்காரி இதைச் சாவு ரேடியோ என்கிறாள். ஆனால் தெரிந்த பெயர் ஏதும் வந்ததா என்று தினமும் கேட்பவளும் அவள்தான்.

திருத்திக்கொண்டு வந்த அடுத்த மாதமே, மே முதலாம் திகதி, தோட்டத்து நாள் சம்பளம் 1,700 ரூபா என்ற சேதியை இந்தப் பெட்டியில்தான் கேட்டேன். செப்டெம்பரில் அது 1,350 ஆகி வந்ததையும் இதிலேதான் கேட்டேன். பெட்டியின் குற்றம் ஒன்றுமில்லை.

இனி அதன் குற்றத்துக்கு வருகிறேன். சக்கரம் சுற்றாதது பெரிய விசயமில்லை, பழகிவிட்டது. குளிர்தான் வில்லன். இந்த மாதிரி மலிவுப் பெட்டிகளுக்குள் ஸ்டேஷனைப் பிடித்து வைத்திருக்கும் பாகங்கள் சூடு, குளிருக்கு ஏற்ப இலேசாக அசைந்து கொடுக்கும். மற்றவர்கள் விரலால் சக்கரத்தை ஒரு மயிரிழை திருப்பிச் சரிசெய்துவிடுவார்கள். எனக்குச் சக்கரம் இல்லையே! அதோடு, எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் போகும், மலையைச் சுற்றி வளைந்து வராது. எங்கள் லயம் மலையின் மடிக்குள் இருக்கிறது. கிடைப்பதே சுற்றியுள்ள பாறையில் பட்டுச் சிதறி வருவதுதான். ஆகவே பெட்டி கொஞ்சம் விலகினாலும் 'ச', 'ஸ' வருகிற இடமெல்லாம் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரியும். இன்னும் விலகினால் பக்கத்து ஸ்டேஷன் ஏறி உட்கார்ந்துவிடும். எஃப்.எம்மில் இரண்டு ஸ்டேஷன் ஒன்றாகச் சேர்ந்து ஒலிப்பது குறைவு. பலமானவன் மற்றவனை முழுசாக விழுங்கிவிடுவான்.

இது எப்போது நடக்கும்? பின்னேரம் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கி, பனி கீழே வரும்போது. அதாவது நாடகம் பாதி தாண்டியதும். ஒன்றே முக்கால் வருடத்தில் ஒரு நாடகத்தின் முடிவைக்கூட நான் கேட்டதில்லை. நாடகத்தில் மாமியார் நகைப்பெட்டியைத் திறக்கப் போவாள், அந்த இடத்தில் ஒருவர் சிங்களத்தில் டயர் விற்பார். ரேடியோவைத் துவாயில் சுற்றிப் பார்த்தேன். சட்டைக்குள் வைத்துப் பார்த்தேன். கடைசியில் அடுப்புத் திட்டில் வைத்தேன். "என்னங்க, ரொட்டி சுடுறதா ரேடியோ சுடுறதா?" என்று கேட்டு வீட்டுக்காரி தூக்கி வெளியே வைத்துவிட்டாள். திருத்தியவரிடம் போய்ச் சத்தம் போட்டேன். "டவுன்ல நல்லா வேலை செய்யுதே ஐயா" என்கிறார். டவுனிலா நான் குடியிருக்கிறேன்?

ஆனால் இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது எங்களுக்குக் கரண்டும் போய், போனும் போய்விட்டது. இந்தப் பெட்டி மட்டும் பேசிக்கொண்டிருந்தது. மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவு பிரிவாக, மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வாசித்தார்கள். சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயத்தோடு மனிதர்கள் புதைந்ததை மறக்காத எங்களுக்கு அந்த நிறம் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், பதினைந்து பேர் இந்தப் பெட்டியைச் சுற்றி நின்றோம். பெரிய போன் வைத்திருந்த பையன்களும் நின்றார்கள். நல்ல குளிர். அன்றைக்கு மட்டும் ஒரு சொல்லும் நழுவவில்லை. ஆட்கள் கூடி நின்ற சூடோ என்னவோ.

ஆகவே மருமகனே, வாங்காதே. விலை இறங்கினாலும் வேண்டாம். உங்கள் அம்மா இருப்பது பொகவந்தலாவையில், அங்கே குளிர் இதைவிடக் கூட. இலக்கத்தை அமுக்கி ஸ்டேஷன் பிடிக்கும் பெட்டி ஒன்றைப் பார், அது அவ்வளவு இலேசில் நழுவாது.

போன கிழமை அந்தத் திருத்துகிறவர் ஆள் அனுப்பியிருந்தார். பழைய பெட்டி ஒன்றிலிருந்து சக்கரம் கிடைத்திருக்கிறதாம், 600 ரூபாவுக்குப் போட்டுத் தருகிறாராம். பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு ஹட்டன் வரைக்கும் போனேன். பிளேன்டீ குடித்தேன். அக்காவுக்குக் குளிசை வாங்கினேன். பையைத் திறக்காமலே திரும்பி வந்துவிட்டேன். வரும்போது மரண அறிவித்தலுக்கு நேரமாகியிருந்தது.