சேலத்தில் ஏரி பார்க்க: லீவில் வருபவர்களுக்கு

டிசம்பர் லீவில் ஊருக்கு வந்து நீர்ப்பறவை பார்க்க ஆசைப்படுபவர்கள் நேராக ஏற்காட்டுக்கு வண்டி பிடிக்கிறார்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் பெரிய ஏரியில் பெடல் படகும் மோட்டார் படகும்தான். குழந்தைகளுக்குச் சரி, அந்தச் சத்தத்தில் பறவை ஒதுங்கிவிடும். மலையில் பெய்தது இறங்கித் தேங்கும் அடிவாரத்து ஏரிகள்தான் இதற்குத் தோது.

முதலிடம் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு. 58 ஏக்கர். 2010-ல் ஊர் மக்கள் முன்நின்று தூர்வாரி, அள்ளிய வண்டலையே நடுவில் திட்டுத் திட்டாகக் கொட்டி மரம் வைத்தார்கள். கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் அடைவது அந்தத் திட்டுகளில்தான். காலை ஆறரைக்கு கிழக்குப் பக்கம் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெரியும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாமே கறுப்பு நிழல். சம்பு மண்டிய ஓரத்தைப் பொறுமையாகப் பாருங்கள்: நீலத் தாழைக்கோழி தண்டை ஒடித்து, காலாலேயே பிடித்துக்கொண்டு, கரும்பு கடிப்பதுபோல உரித்துத் தின்னும்.

ஏரி நிரம்பியிருந்தால் எல்லாப் பறவையும் வரும் என்பது தப்புக் கணக்கு. கரை முட்டத் தண்ணீர் நின்றால் நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளிமூக்கு வாத்துக்குக் கொண்டாட்டம். உள்ளான்களுக்கு நிற்க இடமிருக்காது. அவற்றுக்குக் கணுக்கால் ஆழமும் ஈரச் சேறும் வேண்டும். தை, மாசியில் தண்ணீர் வடிந்து சேறு தெரியும்போதுதான் அவை இறங்கும். பொங்கலுக்கு வருபவர்களுக்கு இரண்டும் வாய்க்கலாம்.

அந்தச் சேற்றில் கால் வைக்காதீர்கள். மேலே வெடித்துக் காய்ந்த ஏடு, கீழே முழங்கால் வரை களி. காலை நேராக இழுத்தால் செருப்பு உள்ளேயே தங்கிவிடும்; குதிகாலை ஆட்டிக் காற்றுப் புகவிட்டு எடுக்க வேண்டும். சாக்கடையும் கலக்கும் இடங்கள் உண்டு என்பதால் காலில் புண்ணோடு இறங்கவே கூடாது. கரைப் புல்லில் கண்ணாடி விரியன் இருக்கலாம், கணுக்கால் மூடும் ஷூ போடுங்கள். கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், 108-க்கு அடித்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

போக்குவரத்து: பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கன்னங்குறிச்சி டவுன் பஸ். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. விடியற்காலையில் வண்டி பிடிக்கும் மொபைல் ஆப்பை நம்பாமல் முந்தின நாளே ஓர் ஆட்டோக்காரரிடம் போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துப் பேசிவிடுங்கள். காத்திருப்பைப் பேசாமல் விட்டால் திரும்பும்போது வாக்குவாதம்தான்.

டீக்கடையில்கூட யூபிஐதான். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் சிங்கப்பூர், கனடா, அமீரகம் உள்ளிட்ட சில நாட்டு மொபைல் எண்களை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்ஈ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யூபிஐ போடலாம். பதிவுக்கு அந்த எண்ணிலிருந்தே எஸ்எம்எஸ் போக வேண்டும். ரோமிங் இல்லாமல் வந்து இறங்கினால் அதோடு சரி. கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

பைனாகுலர் 8x42 போதும், 10x கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு 2022 முதல் தடை, கஸ்டம்ஸில் மாட்டும்.

பொழுதிருந்தால் பனமரத்துப்பட்டி ஏரி. சேலத்தின் குடிநீருக்காக 1911-ல் கட்டியது. மழை பொய்த்த வருஷங்களில் வெறும் சீமைக்கருவேலங்காடு. தண்ணீர் நிற்கிறதா என்று ஊர்க்காரர் யாரிடமாவது கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள்.