மூச்சை எண்ணுவதா, ஆக்சிமீட்டரை மாட்டுவதா?

நோயாளியின் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற எண்ணைச் சில நொடிகளில் காட்டிவிடும். 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி வகுத்த முறை அது: சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கிறது. விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ தடுமாறும். கருமையான தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது. தீப்புகையில் சிக்கியவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு ஏறியிருந்தாலும் 98 என்று காட்டலாம்.

மூச்சை எண்ண ஒரு கடிகாரம் போதும். ஆனால் முழு நிமிடம் எண்ண வேண்டும், அதுவும் நாடி பிடிப்பதுபோலக் கையைப் பிடித்தபடி. எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. மருத்துவமனைகளின் பல சார்ட்டுகளில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்றே இருக்கும். அது எண்ணியதல்ல, ஊகம். வேதனையான பழக்கம் இது.

செப்சிஸிலும் (தொற்றால் உடலுறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) சர்க்கரை நோயின் கீட்டோஅசிடோசிஸிலும் (ரத்தம் அமிலமாகும் நிலை) ஆக்சிமீட்டர் 97 காட்டும்போதே மூச்சு 28ஐத் தாண்டியிருக்கலாம். மூச்சை மந்தமாக்கும் வலிமருந்தான மார்ஃபின் போட்டு ஆக்சிஜனும் கொடுத்திருந்தால் இன்னும் ஆபத்து: மூச்சு 7க்கு இறங்கியும் கருவி 99 காட்டும். நோயாளியின் நிலை மோசமாவதைப் புள்ளிகளால் எச்சரிக்கும் பிரிட்டனின் நியூஸ்2 அளவுகோல், 25 அல்லது அதற்கு மேற்பட்ட மூச்சு வேகத்துக்கு உச்சப் புள்ளியான 3 தருவது சரிதான்.

கோவிட் நிமோனியாவில் மட்டும் நிலைமை வேறு. மூச்சுத்திணறலே தெரியாமல் பேசிக்கொண்டிருந்தவர்களின் ஆக்சிஜன் சரிவைக் கருவிதான் பிடித்தது. மற்றபடி ஒன்றைத்தான் தேர வேண்டுமென்றால், நான் மூச்சைத்தான் எண்ணுவேன்.