மூன்று வருட டிரோன் ரா படங்கள்: வளைந்த தொடுவானத்தோடு என் அனுபவம்

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் சரிவிலிருந்து சேலத்தைப் பார்த்து எடுத்த முதல் ரா படத்தை, அதாவது கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பை, கணினியில் திறந்தபோது தூக்கிவாரிப் போட்டது. தொடுவானம் வில் மாதிரி வளைந்திருந்தது. அதே காட்சி ஜேபெக்கில் நேராக இருந்தது. லென்ஸ் போய்விட்டது என்று பயந்து, வாங்கிய கடைக்கே டிரோனைத் தூக்கிக்கொண்டு போனேன். "ரால அப்படித்தாங்க வரும், ஜேபெக்லயே எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அது பாதி உண்மைதான். சின்ன டிரோனில் எடையைக் குறைக்க வேண்டும், காட்சியும் அகலமாக வேண்டும். அதனால் லென்ஸில் கொஞ்சம் வளைவை விட்டுவைத்து, மென்பொருளால் நேராக்குகிறார்கள். ஜேபெக்கில் அந்த வேலை டிரோனுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ரா படத்தைச் சேமிக்கும் டிஎன்ஜி கோப்பில் படம் வளைந்தபடியே இருக்கும். எப்படி நேராக்குவது என்ற கணக்கு கூடவே எழுதப்பட்டிருக்கும். 2009-இல் வந்த டிஎன்ஜி 1.3 பதிப்பிலேயே இதற்கு இடம் உண்டு. படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் அதைத் தானாகப் படித்துவிடும். நான் அப்போது வைத்திருந்த பழைய மென்பொருள் படிக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது டார்க்டேபிள் என்ற இன்னொரு மென்பொருளில் லென்ஸ் திருத்தத்தை நானே போடுகிறேன்.

பழகப் பழகத்தான் ஒன்று புரிந்தது. தொடுவானம் படத்தின் நடுவில் போனால் வளைவு தெரியாது. படத்தில் அது மேலே போகப் போக மேல்நோக்கி வளையும், கீழே வந்தால் தொய்யும். எனவே சேலம் பக்கம் பார்த்து எடுக்கும்போது தொடுவானத்தை நடுவுக்குப் பக்கமாக வைத்து எடுத்து, அப்புறம் வெட்டிக்கொள்கிறேன். திருத்தம் போட்ட பிறகே சாய்வை நிமிர்த்துங்கள். வளைந்த கோட்டை வைத்துச் சாய்வைக் கண்டுபிடிக்க முடியாது. திருத்தத்துக்கு விலையும் உண்டு. மூலைகள் இழுபடுவதால் அங்கிருக்கும் சில்வர் ஓக் இலைகள் மங்கும், ஓரமும் கொஞ்சம் போகும். விடியற்காலைப் பனிமூட்டத்தில் மூலை இருட்டையும் சேர்த்துத் திருத்தினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் கிளம்பும்.

பெரிய பாடம் மேப்பிங்கில்தான். எஸ்டேட்காரர் ஒருவர் தோட்டம் முழுவதற்கும் வரைபடம் கேட்டார். எல்லாப் படங்களையும் அழகாகத் திருத்தி, ஓரம் வெட்டி, படங்களை ஒட்டி வரைபடமாக்கும் வெப்ஓடிஎம் மென்பொருளில் போட்டேன். தட்டையான காபி களம் நடுவில் மேடு தட்டி வந்தது. "என்னங்க தம்பி, என் களத்துல தண்ணி நிக்காது போலிருக்கே" என்றார் அவர். இந்த மென்பொருள்கள் படங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் இடங்களை வைத்து லென்ஸின் வளைவைத் தாமே கணக்கிடுபவை. நாம் முன்கூட்டியே கை வைத்தால் அந்தக் கணக்கு குழம்புகிறது. கேமரா நேர் கீழே மட்டும் பார்த்தாலும் இந்த மேடு வரும். மறுபடி பறந்து, சாய்வாகவும் சில வரிசைகள் எடுத்து, திருத்தாமல் கொடுத்தேன். களம் தட்டையாக வந்தது.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை மேலிருந்து எடுக்கும் படங்களுக்கு நான் திருத்தமே போடுவதில்லை. ரோடே வளைந்துதான் போகிறது; ஓரத்து மரங்களாவது கூர்மையாக இருக்கட்டும்.