ஒரு கேபிள், ஒரு அடாப்டர், 400 ஜிபி

பழைய கணினியில் இருந்ததைப் புதியதற்கு நேராக மாற்ற ஒரு நெட்வொர்க் கேபிளும், அதைச் செருக ஒரு யுஎஸ்பி அடாப்டரும் வாங்கினேன். முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். கேபிளுக்கு ஐந்துக்கு ஐந்து. அடாப்டருக்கு மூன்றரை. குறைந்த ஒன்றரைக்குக் காரணம் கீழே வருகிறது.

பேட்டிகளைப் பதிவு செய்வது என் வேலை. ஒன்பது வருடம் உழைத்த மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போடத் தொடங்கியதும், இனி தாங்காது என்று மடிக்கணினி ஒன்று வாங்கினேன். பழையதில் இருந்தது 400 ஜிபி. அதில் 340 ஜிபி வீடியோவும் ஒலிப்பதிவும். மீதி 60 ஜிபி, ஏறக்குறைய 1,80,000 சின்னச் சின்னப் படங்களும் ஆவணங்களும்.

"எக்ஸ்டர்னல் டிஸ்க்ல போட்டு எடுத்துக்கோ அக்கா" என்றான் தம்பி. எடுக்கலாம். ஆனால் 400 ஜிபியையும் இரண்டு தடவை நகலெடுக்க வேண்டும்: இங்கிருந்து அதற்கு ஒரு தடவை, அதிலிருந்து அங்கே ஒரு தடவை. கையில் இருந்த பென்டிரைவ் ஃபேட் 32 முறையில் ஃபார்மட் செய்தது. 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பை அது வாங்கவே வாங்காது. என் வீடியோ ஒவ்வொன்றும் 10 ஜிபிக்குக் குறையாது. வைஃபையில் அனுப்பினால், பழைய கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து புதியதற்கு ஒருமுறை என்று ஒரே தரவு காற்றில் இரண்டு பயணம் போகிறது. அரை மணி நேரம் முயன்று பார்த்துவிட்டு விட்டேன்.

இரண்டு பக்கமும் யுஎஸ்பி முனை உள்ள சாதாரணக் கேபிளைச் செருகினால் போதும் என்றும் ஒருவர் சொன்னார். தயவு செய்து வேண்டாம். இரண்டு கணினியும் அந்தக் கம்பியில் 5 வோல்ட் மின்சாரம் அனுப்பும், போர்ட் பழுதாகலாம். அதற்கென்றே நடுவில் சிப் வைத்த கேபிள் தனியாக உண்டு.

ஆகவே இரண்டு கணினியையும் நேராக இணைக்க நெட்வொர்க் கேபிள். இரண்டு மீட்டர், கேட் 6 என்ற தர வகை. புதிய மடிக்கணினியில் நெட்வொர்க் போர்ட் இல்லை (இப்போது மெல்லிசாக வரும் பலவற்றில் இருப்பதில்லை), அதனால் யுஎஸ்பி 3 கிகாபிட் (விநாடிக்கு 1,000 மெகாபிட்) அடாப்டர் ஒன்று. இவ்வளவுதான் வாங்கியது.

பழைய ஆட்கள் இந்த இடத்தில் "கிராஸ்ஓவர் கேபிளா வாங்கினே?" என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் இரண்டு கணினியை நேராக இணைக்க, ஒரு முனையில் 1, 2 எண் கம்பிகளை மறுமுனையில் 3, 6 இடத்துக்கு மாற்றிப் போட்ட தனிக் கேபிள் வேண்டும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் பேசும், இரண்டு பக்கமும் கேட்காது. கிகாபிட் போர்ட்டுகள் வந்த பிறகு அந்தத் தொல்லை போய்விட்டது. எந்த ஜோடியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்பதை போர்ட்டே பார்த்து மாற்றிக்கொள்கிறது. சாதாரணக் கேபிளே போதும்.

செருகினேன். இரண்டு பக்கமும் விளக்கு எரிந்தது. அப்புறம் இரண்டு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் கேபிள் சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். ரவுட்டர் இருந்தால் அது ஆளுக்கொரு ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியை அடையாளம் காட்டும் எண்) கொடுக்கும். இரண்டே கணினி என்றால் கொடுக்க ஆள் இல்லை. சிறிது நேரம் காத்திருந்துவிட்டு இரண்டும் 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்றைத் தாங்களாகவே வைத்துக்கொள்ளும். அதுவே வேலை செய்யும், பிழை இல்லை. ஆனால் எண்ணை நினைவில் வைக்க முடியவில்லை என்பதால் நானே போட்டேன்: பழையதற்கு 192.168.50.1, புதியதற்கு 192.168.50.2, சப்நெட் மாஸ்க் (எந்த முகவரிகள் ஒரே நெட்வொர்க்கில் சேரும் என்று சொல்லும் எண்) இரண்டிலும் 255.255.255.0. கேட்வே, அதாவது வெளியே போகும் வழியைக் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட வேண்டும். அப்படி விட்டால் இணையம் வழக்கம்போல வைஃபை வழியே போய்க்கொண்டிருக்கும். மூன்றாவது எண்ணாக 50 போட்டதற்கும் காரணம் உண்டு. வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் 0 அல்லது 1 வைத்திருக்கும். நாமும் அதையே போட்டால், எந்த வழியாகப் போவது என்று கணினி குழம்பும்.

அடுத்து பிங், அதாவது மறுமுனைக் கணினி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. பதில் இல்லை. எனக்கு இங்கேதான் வயிறு கலங்கியது. கேபிளைக் கழற்றி மாட்டினேன், முனைகளைத் திருப்பி மாட்டினேன், ஊதிக்கூடப் பார்த்தேன். உண்மையில் கேபிளில் ஒன்றும் இல்லை. கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் 'அடையாளம் தெரியாத நெட்வொர்க்' என்று எடுத்துக்கொண்டு 'பப்ளிக்' பட்டியலில் போடுகிறது. பப்ளிக் என்றால் ஃபயர்வால் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) பிங்குக்கும் பதில் சொல்லாது, ஃபோல்டரையும் காட்டாது. முன்பின் தெரியாத இடத்தில் மடிக்கணினியைச் செருகுபவருக்கு இதுதான் பாதுகாப்பு, ஆகவே குறை சொல்ல மாட்டேன். அந்த இணைப்பை 'பிரைவேட்' என்று மாற்றி, கோப்புப் பகிர்வை இயக்கியதும் வழி திறந்தது. ஃபயர்வாலையே அணைத்துவிடு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கேபிளின் மறுமுனையில் என் கணினிதான் இருக்கிறது, சரி. ஆனால் அதே நேரத்தில் வைஃபையும் ஓடிக்கொண்டிருக்கிறதே!

கடைசிக் கதவு கடவுச்சொல். பழைய கணினியில் நான் கடவுச்சொல்லே வைத்ததில்லை. கடவுச்சொல் இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக உள்ளே விட விண்டோஸ் சம்மதிக்காது. 'நகல்' என்று ஒரு புதுக் கணக்கை உருவாக்கி, கடவுச்சொல் கொடுத்து, என் ஃபோல்டரைப் படிக்க மட்டும் அனுமதித்துப் பகிர்ந்தேன். படிக்க மட்டும் என்பது முக்கியம். தூக்கக் கலக்கத்தில் தவறான சாளரத்தில் டிலீட்டைத் தட்டினாலும் அசல் பிழைக்கும்.

இனி வேகம். எனக்கு மூன்று எண்கள் கிடைத்தன, ஒவ்வொன்றும் ஒரு கதை.

முதல் எண் விநாடிக்கு 11 எம்பி. இதைப் புதிய கேபிளின் தலையில் போடக் கூடாது. ஊதிப் பார்த்த படலத்தில், கேபிள்தான் கெட்டது என்ற சந்தேகத்தில் இழுப்பறையில் கிடந்த பழைய கேபிளை மாட்டியிருந்தேன். அதை மாற்ற மறந்துவிட்டேன். இந்த வேகத்தில் 400 ஜிபிக்குப் பத்து மணி நேரம். 11 என்ற எண்ணைப் பார்த்ததும் மணி அடிக்க வேண்டும்: அது 100 மெகாபிட் இணைப்பின் அடையாளம். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே 100ஐ எட்டால் வகுத்தால் 12.5, போக்குவரத்துச் செலவு போக 11 சொச்சம். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். பழைய கேபிளில் எங்கோ ஒரு கம்பி அறுந்திருக்க வேண்டும். அது சாகாமல், சத்தம் போடாமல், பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிக்கொண்டது. நெட்வொர்க் விவரத்தில் இணைப்பு வேகம் 100 என்று தெளிவாகவே எழுதியிருந்தது, நான் பார்க்கவில்லை.

புதிய கேபிளை மாட்டினேன். விவரத்தில் 1 கிகாபிட் என்று காட்டியது. ஆனால் நகலோ 38 எம்பியில் நின்றது. இது இன்னும் குழப்பம், இணைப்பு சரியாகத்தானே இருக்கிறது? ஒரு தேநீர் குடித்து முடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது: அடாப்டரை மடிக்கணினியில் நேராகச் செருகாமல், சுட்டியும் விசைப்பலகையும் தொங்கும், ஒரு துளையைப் பலவாக்கும் பழைய ஹப்பில் செருகியிருந்தேன். அது யுஎஸ்பி 2. ஏட்டளவில் 480 மெகாபிட், நடைமுறையில் 35, 40 எம்பி. கேபிள் பக்கம் நான்கு வழிச் சாலை, யுஎஸ்பி பக்கம் ஒற்றையடிப் பாதை. அடாப்டரும் கேபிளும் தங்களுக்குள் ஒரு கிகாபிட் என்று ஒப்புக்கொண்டதைத்தான் கணினி காட்டுகிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஹப்பைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

நேராகச் செருகியதும் 112. அட! கிகாபிட்டின் உச்சவரம்பே 125தான், அதில் உறைகளும் முகவரிகளும் போக இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. பெரிய வீடியோக்கள் போகும்போது அந்தக் கோடு வரைகோல் வைத்து இழுத்ததுபோல நேராக நின்றதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இருந்தது, செய்யவில்லை. பாதிக்கு மேல் 90க்கு இறங்கியது, அது பழைய டிஸ்க்கின் வேகம். சுழலும் தட்டில் வெளிவட்டத்தைவிட உள்வட்டத்தில் படிப்பது மெதுவாகத்தான் இருக்கும். 340 ஜிபியும் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது.

மீதி 60 ஜிபிக்கு ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. நம்பிக்கையாகச் சொல்கிறேன், இதற்கும் கேபிளுக்கும் சம்பந்தமில்லை. 1,80,000 கோப்புக்கும் ஒவ்வொன்றாகத் திற, படி, எழுது, மூடு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. டிஸ்க்கின் ஊசி அங்குமிங்கும் ஓடுகிறது. இதை இழுத்துப் போடும் முறையில் செய்யாமல், விண்டோஸிலேயே வரும் ரோபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையில் செய்தேன். நடுவில் அறுந்தால் மறுபடி ஓட்டினால் போதும், வந்து சேர்ந்ததை விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கும்.

ஒரு எச்சரிக்கை. படிக்க முடியாத கோப்பு ஒன்று வந்தால் ரோபோகாப்பி தானாக 10 லட்சம் முறை மீண்டும் முயலும், ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே 30 விநாடி காத்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே கோப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம். நான் அதை இரண்டு முயற்சி, ஒரு விநாடி என்று குறைத்து வைத்தேன். நல்ல வேளை. கடைசி அறிக்கையில் மூன்று கோப்புகள் தோல்வி என்று வந்தது. டிஸ்க்கில் அந்த இடங்கள் கெட்டிருந்தன. இரண்டு, எப்படியும் அழித்திருக்க வேண்டிய மங்கல் படங்கள். மூன்றாவது ஒரு முழுப் பேட்டியின் ஒலிப்பதிவு. அதன் இன்னொரு பிரதி எங்கே இருந்தது தெரியுமா? மேலே திட்டினேனே, அந்தப் பென்டிரைவில்.

இன்னொன்று, ஆரம்பிக்கும் முன் இரண்டு கணினியிலும் தூக்க அமைப்பை அணைத்துவிடுங்கள். மடிக்கணினிக்குச் சார்ஜரும் போடுங்கள். இதற்குக் கதை எதுவும் இல்லை, ஒருமுறை தூங்கியது, அவ்வளவுதான்.

சரி, பொருள்களுக்கு வருவோம். கேபிளின் உறை மீது வகை தெளிவாக அச்சிட்டிருக்கிறது. கம்பி முழுச் செம்பு என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் எடுத்தேன். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவையும் விற்கிறார்கள், அவை வளைத்தால் சீக்கிரம் அறுகின்றன. கிளிப்பை மூடும் ரப்பர் உறை கொஞ்சம் விறைப்பு, கழற்ற நகம் வேண்டும். ஆனால் கிளிப் உடைந்து ஆடுகிற கேபிளோடு மல்லுக்கட்டியவளுக்கு அந்த விறைப்பு பிடிக்கும். இந்த வேலைக்குக் கேட் 5இ கூடப் போதும். கேட் 8 என்று தடியாக, பளபளப்பாக ஒன்றைக் காட்டுவார்கள். அது 25, 40 கிகாபிட் ஓடும் சர்வர் அறைகளுக்கானது. கிகாபிட் போர்ட்டில் அதைச் செருகினாலும் 112தான் வரும்.

அடாப்டரைச் செருகியதுமே கணினி அடையாளம் கண்டது, டிரைவர் எதுவும் கேட்கவில்லை. வேகத்திலும் குறையில்லை. பிறகு ஏன் மூன்றரை? ஒரு மணி நேரத்தில் தொட முடியாத அளவு சூடாகிறது. அதன் உடம்பு அகலம், பக்கத்து யுஎஸ்பி துளையை மறைத்துவிடுகிறது. நான் ஹப்பைத் தேடிப் போனதே அதனால்தான். விளக்கு ஒன்று பச்சையாக, அறையையே எழுப்பும் வெளிச்சத்தில் மினுக்குகிறது. அதன் மேல் ஒரு துண்டு நாடா ஒட்டியிருக்கிறேன். ஒட்டும்போது விரல் சுட்டது.

மேக்கோ லினக்ஸோ ஒரு முனையில் இருந்தாலும் கேபிள் இதேதான், முகவரி போடும் இடம்தான் மாறும். லினக்ஸில் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி இருப்பவர்களுக்கு நான் ரோபோகாப்பி பற்றிச் சொன்னது சிரிப்பாக இருக்கும்.

முடிந்ததும் ஒன்றை மறந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஓர் அலுவலகத்தில் பேட்டி எடுக்கப் போனேன். வைஃபை சுமார், சுவரில் நெட்வொர்க் போர்ட் இருக்கிறது, அதில் போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அடாப்டரைச் செருகினேன், இணையம் இல்லை. வேறு போர்ட், வேறு கேபிள், அங்கிருந்த ஒரு பாவப்பட்ட ஊழியரை மேசைக்கு அடியில் தவழவிட்டு அரை மணி நேரம் தேடினோம். என் அடாப்டர் இன்னமும் 192.168.50.2 என்ற முகவரியைப் பிடித்துக்கொண்டு, கேட்வே இல்லாமல், பழைய கணினியின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நாடாவுக்கு அடியில் பச்சை விளக்கு மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது.